கலயம் எல்லை தாண்டிய வாரம்

நான் வேலை பார்க்கும் துணை சுகாதார நிலையத்தின் பின்சுவரோடு தமிழ்நாடு முடிந்துவிடுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் ராகிக் கொல்லை கர்நாடகம். எங்கள் ஊர்க் கோழிகள் காலையில் சுவரேறிக் குதித்து வேறு மாநிலத்தில் மேய்ந்துவிட்டு, முட்டையிட மட்டும் இந்தப் பக்கம் திரும்புகின்றன. அவற்றை இதுவரை யாரும் நிறுத்தி எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டதில்லை.

நான் கிராம சுகாதார செவிலியர். ஊரில் எல்லோருக்கும் நர்சம்மா. கர்ப்பிணிகளைப் பார்ப்பது, பிள்ளைகளுக்கு ஊசி போடுவது, யாருக்காவது காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் அரசாங்கம் கொடுத்திருக்கும் கையகலக் கம்ப்யூட்டரில், அந்த டேப்பில், ஏற்றுவது என் வேலை. டேப்பில் ஏற்றினால் அது கிருஷ்ணகிரிக்குப் போகும், அங்கிருந்து சென்னைக்குப் போகும், அதற்கு மேலும் எங்கெங்கோ போகும் என்று சொல்லியிருக்கிறார்கள். போய்ச் சேர்ந்ததா என்று ஒரு நாளும் எனக்குப் பதில் வந்ததில்லை.

என் கைபேசிக்கு மட்டும் இத்தனை வருஷமாகியும் நான் எந்த மாநிலத்தில் இருக்கிறேன் என்று புரியவில்லை. ஊசி போடும் அறைக்குள் போனால் கர்நாடகம் உங்களை வரவேற்கிறது என்று செய்தி வரும். மேஜைக்குத் திரும்பினால் தமிழ்நாடு வரவேற்கும். இதையாவது சிரித்துக்கொண்டு போகலாம். ஆம்புலன்ஸுக்குக் கூப்பிட்டால்தான் வயிறு எரியும். ஊரில் எங்கே நின்று கூப்பிட்டாலும் அழைப்பு நடுவில் தாவிப் பெங்களூருக்குப் போகும். அவர்கள் கன்னடத்தில் மரியாதையாக ஊர்ப்பெயர் கேட்டு, அது தமிழ்நாடு ஆயிற்றே என்று மரியாதையாக வைத்துவிடுவார்கள். பால் சொசைட்டி வாசலில் மட்டும் தமிழ்நாட்டு டவர் நிலையாகக் கிடைக்கும். எங்கள் ஊரில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் இன்னொருவர் பால் சொசைட்டிக்கு ஓட வேண்டும்.

இப்படிப்பட்ட ஊரை ஒரு நாள் உலகம் தேர்ந்தெடுத்தது.

நாடு விட்டு நாடு பரவும் தொற்றுநோய்களைக் கண்காணிப்பதற்கு ஒரு பெரிய திட்டம். வெளிநாட்டுப் பணம், வெளிநாட்டு நிபுணர்கள். பெங்களூரு விமான நிலையம் பக்கம், ஓசூரில் கம்பெனிகள், கம்பெனிகளுக்கு வந்துபோகும் வெளிநாட்டு இன்ஜினியர்கள், இரண்டு மாநிலம் சேரும் இடம் என்று எல்லாப் பொருத்தமும் பார்த்து எங்கள் வட்டாரத்தை மாதிரி வட்டாரம் ஆக்கினார்கள். ஓசூரில் ஒரு பெரிய ஹோட்டலில் எங்களுக்குப் பயிற்சி நடந்தது. திரையில் உலக வரைபடம், அதில் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் சிவப்பு அம்புகள். ஒரு அம்பு நேராக வந்து ஓசூரில் குத்தி நின்றது. அடுத்த பெரிய நோய் விமானத்தில்தான் வரும், முதல் காய்ச்சலை நீங்கள்தான் பிடிக்க வேண்டும், உலகமே உங்களை நம்பியிருக்கிறது என்றார் பயிற்சி கொடுத்தவர்.

வாயை மூடிக்கொண்டு சும்மா உட்கார எனக்கு எப்போதும் வராது. எழுந்து, "சார், விமானத்துல வராத நோய் வந்தா என்ன பண்றது? எங்கூர்ல மழை பேஞ்சா வாந்தி பேதி வருதுங்க" என்று கேட்டேன். அவர் அருமையான கேள்வி என்று பாராட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நல்ல மனிதர், இளவயசு, தெற்கத்திக்காரர். மேலதிகாரி என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு வேர்க்கும்.

பயிற்சி முடிந்து ஆளுக்கு ஒரு பை கொடுத்தார்கள். பைக்குள் பேனா, தண்ணீர் பாட்டில், தலை முதல் கால் வரை மூடும் வெள்ளை உடை, நெற்றியில் காட்டினால் காய்ச்சல் சொல்லும் துப்பாக்கி. ஓசூர்க் குளிரில் காலையில் அந்தத் துப்பாக்கியை யார் நெற்றியில் வைத்தாலும் உயிருள்ள மனிதருக்கு இருக்க முடியாத அளவு குறைந்த வெப்பத்தைக் காட்டும். அதன் கணக்கில் எங்கள் ஊரில் பாதிப்பேர் செத்து நாளாகியிருந்தது.

தீபாவளி முடிந்து மழை விட்ட வாரம் ஊரில் வாந்தி தொடங்கியது. முதலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பிறகு பெரியவர்கள். நான் வீடு வீடாகப் போய்க் கேட்டால் எல்லோரும் ஒரே பதில் சொன்னார்கள். அந்தப் பக்கம் போய் ஊசி போட்டுக்கிட்டோம் நர்சம்மா. ராகிக் கொல்லையைத் தாண்டி நடந்தால் கர்நாடகத்தில் ஒரு கிளினிக் இருக்கிறது. அங்கே உள்ளே நுழைந்ததும் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். எங்களிடம் வந்தால் உப்பு சர்க்கரைப் பொட்டலம் கொடுத்துக் கைகழுவச் சொல்லுவோம். யாரிடம் போவார்கள்?

எனக்கு எல்லோரையும்விட ஒருத்தியை நினைத்துத்தான் பயமாக இருந்தது. நாட்றாம்பாளையம் பக்கத்து மலையூரிலிருந்து இங்கே கட்டிக்கொண்டு வந்தவள். புருஷன் கம்பெனியில் ஷிப்ட் வேலை. முதல் பிள்ளை வயிற்றிலேயே கலைந்துபோனது. இது இரண்டாவது, ஏழாம் மாதம். வயிற்றில் வைத்துப் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்கும் சின்னக் கருவி ஒன்று என்னிடம் உண்டு. வர வேண்டிய நாள் இல்லாவிட்டாலும் அவள் வந்து நிற்பாள்.

"அந்தச் சத்தத்த ஒரு தரம் வெச்சுக் காட்டுங்க்கா. குதிரை ஓடற மாதிரி இருக்குது."

"கண்ணு, இதென்ன ரேடியோவா? தெனமும் பாட்டுக் கேக்க வர?" என்பேன். ஆனாலும் வைத்துக் காட்டுவேன். எனக்கும் அந்தச் சத்தம் பிடிக்கும்.

அவளும் வாந்தி எடுத்தாள் என்று கேள்விப்பட்டதும் ஓடினேன். கண் உள்ளே போயிருந்தது. தண்ணீரைக் காய்ச்சித்தானே குடித்தாய் என்று கேட்டேன்.

"காய்ச்சித்தாங்க்கா குடிச்சேன். கூழு கரைக்கறதுக்கு மட்டும் பச்சத்தண்ணி ஊத்துனேன். சுடுதண்ணில கரைச்சா கூழு ஒரு மாதிரி ஆயிடுதே."

தலையில் அடித்துக்கொண்டேன். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று தொண்டை வற்ற ஊரெல்லாம் சொன்னவள் நான். கூழைப் பற்றி நான் சொல்லவில்லை. கூழைத் தண்ணீர்க் கணக்கில் எங்கள் ஊரில் யாரும் சேர்ப்பதில்லை, அது சாப்பாடு. ஊர் முழுக்கக் காய்ச்சிய தண்ணீரைக் குடித்துக்கொண்டு, ஊர்க் குடிநீர்த் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் அப்படியே கரைத்த கூழையும் குடித்துக்கொண்டிருந்தது.

டாக்டருக்கு போன் செய்தேன்.

"சார், தொட்டித் தண்ணியிலதான் கோளாறு. உடனே மூடணும்."

"சிஸ்டர், அவங்க எல்லாம் எங்க ட்ரீட்மென்ட் எடுத்தாங்க?"

"அந்தப் பக்கம் கிளினிக்ல."

"அப்ப அது கர்நாடகா கேஸ். நாம ஏத்தினா டபுள் என்ட்ரி ஆயிடும். அடுத்த வாரம் வெளிநாட்டு டீம் வருது, இப்பப் போய்க் கொழப்பம் வேண்டாம்."

"ஏழு மாசப் புள்ளத்தாச்சி சார். அவளுக்கும் வந்துடுச்சு."

அவளை மட்டும் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், நான் மேலே பேசுகிறேன் என்றார் அவர். மேலே பேசினார் என்றுதான் நினைக்கிறேன். மேலே இருந்தவர்கள் அதற்கும் மேலே பேச வேண்டியிருந்திருக்கும்.

அந்தப் பக்கத்துக் கிளினிக்கில் இருக்கும் நர்ஸ் எனக்குச் சிநேகிதி. ஓசூருக்குக் காய்கறி வாங்க வந்தால் என்னிடம் வந்து காபி குடித்துவிட்டுத்தான் போவாள். அவளைக் கூப்பிட்டேன். உங்கள் கிளினிக்கில் இத்தனை பேர் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்கிறார்களே, நீங்களாவது மேலே சொல்லக் கூடாதா என்றேன்.

"அக்கா, அட்ரஸ் எல்லாம் உங்க ஊரு. எங்க மேடம் ஒத்துக்க மாட்டாங்க. நிம்தே, நம்தல்ல."

உங்களுடையதுதான், எங்களுடையது இல்லை என்று அர்த்தம். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துவிட்டு எனக்கு அழுகை வந்தது.

தொட்டியை மூடச் சொல்லிப் பஞ்சாயத்தில் கேட்டேன். மேலிருந்து எழுத்து வந்தால் மூடலாம் என்றார்கள். எழுத்து வர வேண்டுமானால் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். சோதிக்க வேண்டுமானால் நோய் பரவுகிறது என்று அறிவிக்க வேண்டும். அறிவிக்க வேண்டுமானால் நோயாளிகள் கணக்கில் இருக்க வேண்டும். எங்கள் நோயாளிகளோ ராகிக் கொல்லையைத் தாண்டும்போதே இங்கே இல்லாதவர்களாகி, அங்கே போய்ச் சேரும்போது அங்கேயும் இல்லாதவர்களாகிவிடுகிறார்கள். வாசலில் விமானம் வந்து இறங்கியிருந்தால் அன்றைக்கே மூடியிருப்பார்கள்.

ஊர் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. ஊர்க் கவுண்டர் தலைமையில் கூடிப் பேசி, அம்மனை அனுப்பிவைப்பது என்று முடிவு செய்தார்கள். எங்கள் பக்கம் பழைய வழக்கம் இது. அம்மையோ பேதியோ ஊருக்குள் வந்தால் அது தாய் வந்தது என்று அர்த்தம். ஒரு மண்கலயத்தில் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் வைத்து, வீட்டுக்கு ஒரு பிடி ராகி மாவு போட்டு, பழைய முறம் ஒன்றும் துடைப்பம் ஒன்றும் சேர்த்து, பறை அடித்துக்கொண்டு போய் அடுத்த ஊர் எல்லையில் வைத்துவிட்டு வர வேண்டும். வைத்தவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. அடுத்த ஊர்க்காரர்கள் அதைக் கண்டதும் முணுமுணுத்துக்கொண்டே எடுத்துப்போய்த் தங்களுக்கு அடுத்த ஊர் எல்லையில் வைப்பார்கள். இப்படியே போய்க் கடைசியில் தாய் எங்கே தங்குகிறாள் என்று யாரும் விசாரித்ததில்லை.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கவுண்டர் வீட்டு வாசலில் நின்று சத்தம் போட்டேன்.

"நோயத் தூக்கி அடுத்தவன் வாசல்ல வெக்கறதுக்குப் பேரு பக்தியா? போலீசுக்குச் சொல்லிடுவேன்."

"எந்தப் போலீசு நர்சம்மா? நம்மதா, அவங்களதா?" என்றார் அவர். எகத்தாளமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "நாங்க என்ன வெரட்டியா வுடறோம்? வந்த தாய மரியாதயா எல்ல வரைக்கும் கொண்டுபோய் வுடறோம். நீங்களும் ஒரு வாரமா போன்ல அதத்தான பண்றீங்க, அவங்க கணக்கு, இவங்க கணக்குன்னு."

எனக்குச் சுருக்கென்றது.

வழக்கப்படி கலயம் கிழக்கே போக வேண்டும். ஆனால் கிழக்கு எல்லையில் இப்போது ஒரு கம்பெனியின் காம்பவுண்டுச் சுவர் நிற்கிறது. கேட்டில் செக்யூரிட்டி, மேலே கேமரா. உள்ளே போக அம்மனுக்கும் விசிட்டர் பாஸ் கேட்பார்கள். ஆகவே மேற்கே கொண்டுபோவது என்று ஆயிற்று. யார் வீட்டில் நோய் கடுமையோ அந்த வீட்டு ஆண்தான் கலயத்தைத் தூக்க வேண்டும். அந்த மலையூர்ப் பெண்ணின் புருஷன் தூக்கினான். அவனுக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. இரண்டு நாளாக லீவு போட்டுவிட்டு வீட்டில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். ஏதாவது செய்யச் சொன்னதும் எழுந்துவிட்டான்.

மேற்கே பழைய எல்லைக்கல் ஒன்று உண்டு. கல் அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் அதைச் சுற்றிப் பெங்களூருக்காரர்களுக்காக வீட்டுமனைகள் போட்டு, வளைவு வைத்த வாசல் கட்டி, புல்தரை வளர்த்து, கல்லுக்கு வெள்ளையும் அடித்துவிட்டார்கள். பறையோடு வந்தவர்கள் ஊர்க்கோடியில் நின்றுவிட, பொழுது சாயும் நேரத்தில் அவன் மட்டும் பைக்கில் போய் அந்தப் புல்தரையில் கல்லுக்கு முன்னால் கலயத்தை இறக்கி, முறத்தையும் துடைப்பத்தையும் வைத்துவிட்டு, வழக்கப்படி திரும்பிப் பார்க்காமல் பைக்கை நோக்கி நடந்தான். அதனால் பின்னால் கைபேசியோடு வந்தவர்களை அவன் பார்க்கவில்லை.

மனைக்காரர்களுக்கு அது செய்வினை. பக்கத்துப் பழைய ஊர்க்காரர்களுக்கு அது என்னவென்று நன்றாகத் தெரியும், அதனால் அவர்களுக்கு இன்னும் கோபம். எல்லோருமாகச் சேர்ந்து அவனை மடக்கி, பைக் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, சாலையை மறித்து நின்றார்கள். தமிழ்நாட்டுக்காரன் நோயைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் கொட்டுகிறான் என்று ஒருவர் வீடியோவில் கத்தினார். வீட்டில் கர்ப்பிணி நோயாகக் கிடக்கிறாள் என்று அவன் கன்னடத்தில் கெஞ்சியதை அந்த வீடியோவில் நானே பிறகு கேட்டேன். நோய் இருக்கிறது என்று இவனே ஒப்புக்கொள்கிறான் பாருங்கள் என்று அதையும் சாட்சி ஆக்கினார்கள்.

அந்த நேரத்தில் நான் அவன் வீட்டில் இருந்தேன். அவளுக்குக் கைகால் சில்லிட்டு நாடி வேகமாக ஓடியது. அந்தக் கருவியை வயிற்றில் வைத்தேன். சத்தம் கேட்டது, ஆனால் குதிரை தளர்ந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பால் சொசைட்டிக்கு ஓடவிட்டேன். ஆம்புலன்ஸ் ஓசூரிலிருந்து கிளம்பிவிட்டது என்று வந்து சொன்னாள். காத்திருந்தோம். ஆம்புலன்ஸ் வரவில்லை. ஓசூரிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் சாலை கொஞ்ச தூரம் கர்நாடகத்துக்குள் புகுந்து வெளியே வருகிறது. புகும் இடத்தில்தான் மறியல்.

பொறுக்க முடியாமல் பால் வண்டியில் அவளைப் படுக்கவைத்து நானே கொண்டுபோனேன். கூட்டத்துக்கு நடுவில் வண்டி நின்றது. கண்ணாடியைத் தட்டிக் கத்தினார்கள். பின்பக்கம் எட்டிப் பார்த்த ஒரு பெண், அந்தப் பழைய ஊர்க்காரி, படுத்திருந்தவளின் வயிற்றைப் பார்த்ததும் திரும்பி எல்லோரையும் ஒரே திட்டாகத் திட்டி வழிவிடச் சொன்னாள். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. வீடியோ எடுத்த மனைக்காரரே படுத்திருந்தவளின் புருஷனைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு எங்கள் பின்னால் ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தார். அங்கே வராந்தாவில் உட்கார்ந்து அழுதுகொண்டும் இருந்தார். அவரைத் திட்டலாம் என்றால் திட்டவும் விடவில்லை.

அவள் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. பெண் பிள்ளை, இறந்தே பிறந்தது. உடம்பிலிருந்து அத்தனை தண்ணீர் போன பிறகு என்ன செய்வது, கொஞ்சம் முன்னால் வந்திருந்தாலும் சொல்ல முடியாது என்றார்கள் ஆஸ்பத்திரி டாக்டர்கள். கொஞ்சம் என்றால் மறியலில் போன நேரமா, போன்களில் போன அந்த வாரமா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே உடைந்திருப்பேன்.

அந்த வீடியோ விடிவதற்குள் பெங்களூரு போய்ச் சேர்ந்துவிட்டது. காலையில் ஒரு கன்னடச் சேனலில் எல்லையில் மர்ம நோய் என்று ஓடியது. அவர்கள் சுகாதாரத் துறை பதறியது. அவர்கள் சென்னைக்குப் பேச, சென்னை கிருஷ்ணகிரிக்குப் பேச, கிருஷ்ணகிரி எங்கள் டாக்டருக்குப் பேச, அவர் எனக்குப் பேசினார். "சிஸ்டர், உங்க ஊர்ல ஏதோ அவுட்பிரேக்காமே!" என்றார். ஆமாம் சார், நானும் கேள்விப்பட்டேன் என்றேன்.

மதியத்துக்குள் இரண்டு மாநிலத்து அதிகாரிகளும் எங்கள் தொட்டியடியில் நின்றார்கள். தண்ணீரை நிறுத்தினார்கள். லாரியில் வேறு தண்ணீர் வந்தது. சாக்கடைக்கு அடியில் குடிநீர்க் குழாய் உடைந்திருந்ததைக் கண்டுபிடித்தார்கள். கூழுக்கும் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் என்று மைக்கில் சொல்லிக்கொண்டு ஆட்டோ போனது, அந்த வாசகம் நான் எழுதிக்கொடுத்தது. இரண்டு மூன்று நாளில் ஊர் தேறியது. கவுண்டர் என்னைப் பார்த்து, "அம்மன் போயிட்டா பாத்தீங்ளா நர்சம்மா" என்றார். இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. நானும் டேப்பும் டாக்டரும் ஒரு வாரம் முயன்று முடியாததை அந்தக் கலயம் ஒரே சாயங்காலத்தில் முடித்திருந்தது. நான் மட்டும் அன்றைக்குப் போலீசைக் கூப்பிட்டுத் தடுத்திருந்தால் தொட்டி இன்னும் திறந்தே இருந்திருக்கும்.

வெளிநாட்டுக் குழு சொன்னபடியே வந்தது. அவர்களுக்கு எங்கள் ஊர் மிகவும் பிடித்துப்போனது. இவ்வளவு விரைவில் எல்லை தாண்டித் தகவல் போய் இரண்டு அரசும் ஒன்றாகச் செயல்பட்டது எப்படி என்று ஒரு அம்மாள் கேட்டார். டாக்டருக்கு வேர்த்தது. தட்டுத் தடுமாறிக் கலயத்தின் கதையைச் சொன்னார். அந்த அம்மாளின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். இதைத்தானே நாங்கள் உலகமெல்லாம் தேடுகிறோம், மக்களே நடத்தும் எல்லை கடந்த முன்னெச்சரிக்கை அமைப்பு என்றார். அந்தக் கலயத்தைப் பார்க்க வேண்டும் என்றார். அது எங்கே இருக்கிறது? கர்நாடகத்துப் பழைய ஊர்க்காரர்கள் சண்டை முடிந்த கையோடு அதை எடுத்துப்போய் அவர்களுக்கு அடுத்த ஊர் எல்லையில் மரியாதையாக வைத்துவிட்டார்கள். ஆகவே ஓசூர்ச் சந்தையில் புதுக் கலயம் ஒன்று வாங்கிவந்து, மாவு போட்டு, வேப்பிலை செருகி, வேறு ஒரு ஆளை மாரியம்மன் கோயில் முன்னால் தூக்கி நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். இந்த முறை எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

மாதங்கள் கழித்து அந்தத் திட்டத்தின் புத்தகம் வந்தது. வழவழவென்ற தாள், அட்டையிலேயே எங்கள் கோயில். என் மேஜை மேல் கிடந்தது. ஒரு நாள் அந்த மலையூர்ப் பெண் சத்து மாத்திரை வாங்க வந்தாள். உடம்பு தேறியிருந்தது, பேச்சு மட்டும் குறைந்துபோயிருந்தது. அந்தக் கருவியை நான் அலமாரிக்குள் வைத்துவிட்டிருந்தேன், அவள் கண்ணில் படக் கூடாது என்று.

"இது நம்ம கோயிலுங்க்கா" என்று புத்தகத்தை எடுத்தாள். புரட்டினாள். "நம்ம ஊரப் பத்தியா எழுதியிருக்குது?"

"ஆமா கண்ணு. தண்ணி கெட்டுப்போச்சே, அதப் பத்தி."

"என்னா எழுதியிருக்குது?"

எங்கள் ஊர் பற்றிய பக்கத்தைத் திறந்தேன். ஆங்கிலத்தைப் படித்துப் படித்துத் தமிழில் சொன்னேன். அழகிய எல்லைக் கிராமம் என்று எழுதியிருந்தது, சொன்னேன். மக்களின் பாரம்பரிய அறிவு என்று எழுதியிருந்தது, சொன்னேன். அடுத்த வரி, உரிய நேரத்தில் நடவடிக்கை எடுக்கப்பட்டதால் உயிரிழப்பு ஏதும் இல்லை. அந்த இடத்தில் என் விரல் நின்றுவிட்டது. பொய் என்றும் சொல்ல முடியாது. அவர்கள் கணக்கில் மூச்சு விட்ட பிறகு செத்தால்தான் சாவு.

"எம் பொண்ணப் பத்தி எழுதலையாக்கா?"

"எழுதியிருக்காங்க" என்றேன். "இந்த ஊரில் ஒரு பெண் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. தண்ணீரை முன்பே நிறுத்தியிருந்தால் பிழைத்திருக்கும். அதன் தாய்க்கு எங்கள் வருத்தத்தைத் தெரிவிக்கிறோம்."

"எங்க, காட்டுங்க."

விரல் நின்ற இடத்திலேயே வைத்துக் காட்டினேன். அவள் தன் விரலையும் அதன் பக்கத்தில் வைத்து அந்த எழுத்துகளை வெகுநேரம் பார்த்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. பிறகு, இந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துத் தர முடியுமா என்று கேட்டாள். கிழித்துக் கொடுத்தேன். மடிப்பு விழாமல் பிடித்துக்கொண்டு போனாள்.

அவள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அவள் புருஷன் கம்பெனியில் இங்கிலீஷில் எழுதியதையெல்லாம் படித்து வேலை செய்கிறவன். வீட்டுக்கு வந்ததும் படித்துவிடுவான். என்ன முகத்தோடு அவனைப் பார்ப்பேன் என்று இருந்தது.

அடுத்த வாரம் மாத்திரை வாங்க அவனே வந்தான். வாங்கிக்கொண்டு வாசல் வரைக்கும் போனவன் நின்றான்.

"நர்சம்மா, அந்தப் பேப்பர சாமி படத்துக்கு அடியில வெச்சிருக்கறா. நான் ஷிப்ட் முடிஞ்சு வந்தா எடுத்துக் குடுத்துப் படிக்கச் சொல்றா."

நான் மாத்திரைக் கணக்கை நோட்டில் எழுதத் தொடங்கினேன்.

"நீங்க என்ன படிச்சீங்களோ, அவகிட்டயே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். நானும் அப்பிடியே படிக்கறேன்" என்றான்.